"பாத்து எழுதணும்மா"ன்னு சொல்ற சீனியர்களுக்கு ஒரு சிறு(?) குறிப்பு

போன வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல ஒரு மீட்டிங். (கம்பெனி பேர் கேக்காதீங்க, இ.எம்.ஐ. இன்னும் பாக்கி இருக்கு.) லேப்டாப் டிரைவர் ஒண்ணு கிராஷ் ஆனதுக்கு 'மூல காரணம்' கண்டுபிடிக்கிற மீட்டிங். ஒன்றரை மணி நேரம் பேசி, ரெண்டு ரவுண்டு டீ குடிச்சு, கடைசியில கண்டுபிடிச்ச மூல காரணம் யாருன்னா, காலேஜ் முடிச்சு வந்து எட்டு மாசமே ஆன ஒரு பொண்ணு. "சி-ல எழுதும்போது பாத்து எழுதணும்மா. சைஸ் செக் பண்ண வேணாமா?" அப்படின்னார் சீனியர் ஒருத்தர். எல்லாரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

நான் ஆட்டினதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். ஏன்னா அந்தப் பொண்ணு கூப்பிட்ட ஃபங்ஷனை மூணு வருஷத்துக்கு முன்னாடி எழுதின புண்ணியவான் அடியேன்தான். மீட்டிங்ல அதை நான் சொல்லலை. வாய் வரைக்கும் வந்துச்சு, அப்ரைசல் ஞாபகமும் கூடவே வந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போய் அம்மாகிட்ட பேசுற வரைக்கும் மனசு சரியில்லை. அம்மா கதை அப்புறம் வருது.

கவிதை, சினிமா விமர்சனம்னு நம்பி வந்தவங்க மன்னிக்கணும். இன்னைக்கு முழுக்க பஃபர் மேட்டர்தான். பொட்டி தட்டாதவங்களுக்கும் புரியுற மாதிரி எழுத முயற்சி பண்றேன்.

டிரைவர்னதும் வேலூர்-ஒடுகத்தூர் பஸ் ஓட்டுற அண்ணன் ஞாபகம் வர்றவங்களுக்கு: உங்க லேப்டாப்ல கீபோர்டுக்கு அடியில எரியுற லைட், வைஃபையை அணைக்கிற பட்டன், ஃபேன் வேகம், எத்தனை சதவீதத்துல பேட்டரி சார்ஜை நிறுத்தணும்ங்கிற கணக்கு... இதையெல்லாம் பெரும்பாலும் பாத்துக்கறது லேப்டாப் கம்பெனிக்காரன் உள்ளே வச்சு அனுப்புற ஃபர்ம்வேர். நம்ம ஆபரேட்டிங் சிஸ்டம் அதுகிட்ட நேரடியா பேச முடியாது. நடுவுல நின்னு பேசற தரகர்தான் டிரைவர். கேள்வியையும் பதிலையும் வைக்க மெமரில கொஞ்சம் இடம் பிடிக்கணும். அதுதான் பஃபர். 'இடையகம்'னு அழகான கலைச்சொல் இருக்கு, தெரியும். இருந்தாலும் பஃபர்னே எழுதறேன், சண்டைக்கு வராதீங்க.

எங்க ஊர்க்காரனுக்கு இதை விளக்கறது சுலபம். ஊர் பேரே அணைக்கட்டு. வர்ற தண்ணியைத் தேக்கி வச்சு தேவைக்கு விடணும்னா, எவ்வளவு கொள்ளும்னு மொதல்ல தெரியணும். மதகைத் திறக்கறவன் கையில அந்தக் கணக்கு இருக்கணும். சி மொழியில பஃபரை இன்னொருத்தர்கிட்ட குடுக்கும்போது, முகவரியை மட்டும்தான் குடுக்கறோம். எவ்வளவு கொள்ளும்ங்கிறது கூடப் போகாது. தனியா ஒரு நம்பரா எழுதி அனுப்பணும். அந்த நம்பர் தப்பா இருந்தாலும் கம்பைலர் வாயைத் திறக்காது.

என்னோட ஃபங்ஷன் இப்படித்தான் இருந்துச்சு. முகவரி ஒண்ணு (என்ன வகைன்னே சொல்லாத 'வாய்ட்' பாயிண்டர்), உள்ளே போற நீளம் ஒண்ணு, வெளியே வர்ற நீளம் ஒண்ணு. பொண்ணு என்ன பண்ணுச்சு? ஃபர்ம்வேர்கிட்ட இருந்து 4 பைட் மதிப்பு ஒண்ணைப் படிக்கணும். பக்கத்துல ஏற்கனவே வேலை செஞ்சுக்கிட்டிருந்த ஒரு வரியை காப்பி அடிச்சு, வேரியபிள் பேரை மட்டும் மாத்துச்சு. அந்தப் பழைய வரியில வெளியே வர்ற நீளம் 128. அது அப்படியே நின்னுடுச்சு. என் ஃபங்ஷன் சமத்தா 128 பைட்டை 4 பைட் இடத்துல கொட்டுச்சு. பக்கத்து வீட்டுச் சுவரும் சேர்ந்து போச்சு.

காப்பி அடிக்காம எழுதினவங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க. நான் தூக்கலை.

இங்கதான் "கவனம்" கோஷ்டி உள்ளே வரும். ஆபீஸ்ல மட்டும் இல்லை, நம்ம ஆளுங்க டெக்னிக்கல் பதிவுகள்லயும் இதே பல்லவிதான். 'சி ஒரு கூர்மையான கத்தி, பிடிக்கத் தெரிஞ்சவன் பிடிக்கட்டும். தெரியாதவன் ஜாவா பக்கம் போகட்டும்.' கேக்க நல்லா கெத்தாதான் இருக்கு. சரி, கவனம் இருந்தா போதும்னே வச்சுப்போம். கவனத்துல யாரும் குறை சொல்ல முடியாத ஆளுங்க எழுதின ஒரு டிரைவரோட கதையைப் பாக்கலாம்.

2009-ல லினக்ஸ் கெர்னல் 2.6.29-ல டெல் லேப்டாப்களுக்குன்னு ஒரு டிரைவர் சேர்ந்துச்சு. எழுதினவர் மேத்யூ காரெட், அப்ப ரெட்ஹேட்ல இருந்தார். டெல் ஃபர்ம்வேர்கிட்ட பேசறதுக்கு ஒரு சின்னப் படிவம் உண்டு. எந்தத் துறை, அதுல எந்த வேலைன்னு ரெண்டு கட்டம். கேள்விக்கு நாலு கட்டம். பதிலுக்கு நாலு கட்டம். மொத்தமே 36 பைட். தாலுகா ஆபீஸ்ல குடுக்கற மனு கூட இதைவிடப் பெருசு. இந்த 36 பைட்டை எங்கே வைக்கிறது, யார் வச்சுக்கறதுங்கிற பஞ்சாயத்து ஒன்பது வருஷம் ஓடுச்சு.

மொதல்ல, தேவைப்பட்ட ஃபங்ஷன் எல்லாம் ஆளுக்கொரு படிவத்தை ஸ்டாக்லயே வச்சுக்கிச்சு. எழுதறவனுக்கு வசதி. ஆனா ஃபர்ம்வேருக்கு முகவரி சொல்ற இடத்துல 32 பிட்தான் கொள்ளும். படிவம் 4 ஜிபிக்கு மேல உள்ள மெமரில உக்காந்திருந்தா, முகவரியோட மேல்பகுதி வெட்டுப்பட்டுப் போகும். ஃபர்ம்வேர் என்ன கண்டுச்சு பாவம், கெடைச்ச முகவரியில போய் பதிலை எழுதிட்டு வந்துடும். அது யார் வீடோ! ராம் கம்மியா இருந்த மெஷின்ல இது தெரியவே தெரியாது. ராம் கூட்டினவன் மாட்டினான்.

2010-ல இதைத் திருத்தினாங்க. 4 ஜிபிக்குக் கீழே ஒரே ஒரு பேஜ் மெமரி, டிரைவர் முழுசுக்கும் பொது. கூடவே ஒரு பூட்டு. பஃபரை வாங்கற ஃபங்ஷனே பூட்டைப் போட்டு, பழைய எழுத்தை அழிச்சுக் குடுக்கும். வேலை முடிஞ்சதும் திருப்பிக் குடுக்கணும். எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும். ஆபீஸ்ல ஒரே ஒரு படிவம்தான்னாலும், க்ளார்க் அழி ரப்பரால துடைச்சு கையில குடுத்து, கதவையும் சாத்திடறார். அடுத்தவன் எழுத்து இதுல கலக்காது. என்ன, நடுவுல எரர் வந்து பாதியில திரும்பற இடத்துல திருப்பிக் குடுக்க மறந்தா, பின்னாடி நிக்கறவன் காலத்துக்கும் வாசல்லயே நிக்கணும். அதையும் ஆள்தான் ஞாபகம் வச்சுக்கணும்.

2017 கடைசியில புதுசா ஒரு தேவை. டெல் ஃபர்ம்வேர்கிட்ட பேச பழைய வழி போக, டபிள்யூ.எம்.ஐ. வழியாவும் ஒரு பாதை. எந்த மெஷினுக்கு எந்தப் பாதைன்னு முடிவு பண்ண நடுவுல ஒரு அடுக்கு போட்டாங்க. நல்ல வேலைதான், நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். அந்த மாத்தத்துல பூட்டு கீழ் அடுக்குக்குப் போயிடுச்சு. 4 ஜிபி கட்டுப்பாடும் கீழ் அடுக்குக்கே போயிடுச்சு, அங்கேயே தனியா ஒரு பஃபர் வச்சு காப்பி பண்ணிக்கிட்டாங்க. மேலே லேப்டாப் டிரைவர்ல மட்டும் அந்தப் பொதுப் படிவம் பூட்டே இல்லாம மேசை மேல கிடந்துச்சு. ஒரு ஃபங்ஷன் கேள்வியை எழுதிக்கிட்டு இருக்கும்போதே இன்னொண்ணு வந்து அதே படிவத்துல வேற எதையோ எழுதலாம். ஒருத்தர் கேட்டது கீபோர்டு லைட், வந்த பதில் வைஃபையோடது!

இது கெர்னல் 4.15. அடுத்த 4.16-லயே, 2018-ல, சரி பண்ணிட்டாங்க. பொதுப் படிவத்தைத் தூக்கி எறிஞ்சுட்டு, பழையபடி ஃபங்ஷனுக்கு ஒரு படிவம். (அந்த மாத்தத்தோட தலைப்புல 'ஹீப்பில்'னு எழுதியிருக்கும், உள்ளே பாத்தா ஸ்டாக்ல இருக்கும். இதுக்கும் கவனம் பத்தி யாராவது பாடம் எடுக்கட்டும் :-)) கூடவே ரெண்டு சின்ன ஃபங்ஷன். ஒண்ணு படிவத்தை நிரப்பும்: மொத்தமா அழிச்சுட்டுத்தான் நாலு கேள்வியையும் எழுதும். இன்னொண்ணு அனுப்பும்: துறை, வேலை ரெண்டையும் போட்டு அனுப்பிட்டு, வந்த பதில்ல எரர் இருந்தா லினக்ஸுக்குப் புரியுற எரரா மாத்தித் தரும். அழிக்க மறந்துட்டேன், எரரைப் பாக்க மறந்துட்டேன்னு சொல்ல அந்த ரெண்டுலயும் வழியே இல்லை.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, 2017 மாத்தம், 2018 திருத்தம் ரெண்டையும் எழுதினவர் ஒரே ஆள், மரியோ லிமான்சியல்லோ. அப்ப டெல்லுலயே வேலை பாத்தவர். அந்த ஃபர்ம்வேரைப் பத்தி அவரைவிடத் தெரிஞ்சவர் வெளியில யார் இருந்திருப்பா? அனுப்பின மாத்தம் எல்லாம் பொது அஞ்சல் பட்டியல்ல பல தடவை அலசி, பராமரிப்பாளர் பாத்த பிறகுதான் உள்ளே போகும். அவ்வளவு கண்ணு பாத்தும் பூட்டு நழுவிடுச்சு. எட்டு மாசப் பொண்ணுகிட்ட போய் "பாத்து எழுதணும்மா"ன்னா என்ன அர்த்தம் சாமி?

டெல்லை மட்டும் சொன்னா ஓரவஞ்சனைன்னு சொல்லுவீங்க. ஹெச்.பி. டிரைவர்லயும் ஒரு ஃபங்ஷன் இருக்கு. கேள்வி நம்பர், கட்டளை, பஃபர், உள்ளே போற நீளம், வெளியே வர்ற நீளம்னு அஞ்சு சாமான் கேக்கும். கடைசி ரெண்டும் ஒரே வகை. மாத்திக் குடுத்தாலும் கம்பைலர் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கும். என்னோட ஃபங்ஷன் எந்தக் குடும்பத்துலேருந்து வந்துச்சுன்னு இப்ப புரிஞ்சிருக்கும். கேள்வி கேக்கும்போது உள்ளே போற நீளம் பூஜ்யமா இருக்கணும்னு ஃபர்ம்வேர் எதிர்பார்த்த பல இடத்துல பூஜ்யம் இல்லாத நீளம் போய்க்கிட்டு இருந்துச்சு. ஃபர்ம்வேர் 'தப்பான அளவுரு'ன்னு 5-ஆம் நம்பர் எரரைத் திருப்பி அனுப்புச்சு. 2022-ல உக்காந்து இடம் இடமா திருத்தினாங்க. இத்தனைக்கும் ஹெச்.பி. பொறுமையா எரர் சொல்லுச்சு. என்னோடது சொல்லலை, கொட்டிடுச்சு.

எழுத்துச் சரங்கள் கதை தனி. 'ஸ்ட்ரிங்-என்-காப்பி'ன்னு ஒரு பழைய ஃபங்ஷன், நீளம் எல்லாம் ஒழுங்கா கேட்டு வாங்கும், ஆனா மூலம் நீளமா இருந்தா கடைசியில முற்றுப்புள்ளியா வைக்க வேண்டிய பூஜ்யத்தை வைக்காது. பேரைப் பாத்து பாதுகாப்புன்னு நம்பி ஏமாந்தவங்க கோடி. அதுக்குப் பதிலா 2015-ல 4.3 கெர்னல்ல ஒழுங்கான ஒண்ணு வந்துச்சு. லேப்டாப் டிரைவர்கள் கீபோர்டு லைட் அளவு மாதிரி சமாச்சாரத்தை வெளியே காட்ட சும்மா 'எஸ்-பிரிண்ட்-எஃப்' போட்டுக்கிட்டு இருந்தாங்க. குடுக்கற பஃபர் ஒரு பேஜ்ங்கிறது எல்லாருக்கும் 'தெரியும்', ஃபங்ஷனுக்குத்தான் தெரியாது. 2020-ல 5.10-ல வந்த 'சிஸ்-எஃப்-எஸ் எமிட்'டுக்கு அது தெரியும். ஒரு பேஜைத் தாண்டி எழுதாது, பேஜோட ஆரம்பம் இல்லாத முகவரியைக் குடுத்தா கத்தும். பயன்படுத்தறவன் புதுசா எதையும் கத்துக்க வேணாம், பேரை மாத்தினா போதும். இப்படித்தான் இருக்கணும்னு நான் சொல்றேன்.

சரி, அம்மா கதை.

அம்மா பதினேழு வருஷம் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில வேலை பாத்தாங்க. காலையில கம்பெனி பஸ் வந்து ஊர் ஊரா பொம்பளைங்களை ஏத்திக்கிட்டுப் போகும், இருட்டினப்புறம் கொண்டுவந்து விடும். நான் இன்ஜினியரிங் படிச்ச ஃபீஸ்ல பாதி அந்தத் தோல் வாசனைதான். அம்மாவுக்கு கட்டிங் மெஷின்ல வேலை. மேசையில தோலை விரிச்சு, மேலே டையை வச்சா, மெஷினோட கை டன் கணக்குல அழுத்தத்தோட கீழே இறங்கி டை வடிவத்துக்கு வெட்டும். அதுல ரெண்டு பட்டன். ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல அமுக்கினாத்தான் இறங்கும். ரெண்டு கையும் பட்டன்ல இருக்கும்போது விரல் டைக்கு அடியில எப்படி இருக்கும்?

ஞாயித்துக்கிழமை மீட்டிங் கதையை நான் சொன்னப்ப அம்மா முழுசாக் கேட்டுட்டு, "இன்னாடா பாத்து செய்யறது? எட்டு மணி நேரம் நின்னுகினு ஒருத்தி எத்தினி தபா பாப்பா? விரல் போச்சுன்னா திரும்ப மொளைக்குமா? அதுக்குத்தான் ரெண்டு பட்டன் வச்சிக்கீறான்"ன்னாங்க. அப்புறம் அவங்களே இன்னொண்ணும் சொன்னாங்க. பீஸ் கணக்கு ஏறணும்னு சிலபேர் ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிட்டு ஒத்தைக் கையால ஓட்டறதும் உண்டாம். என் 'வாய்ட்' பாயிண்டர் அந்த டேப்தான்னு அப்பத்தான் உறைச்சுது. கம்பைலர் குடுத்த ரெண்டாவது பட்டனை, எல்லா வகையையும் ஒரே ஃபங்ஷன்ல வாங்கிக்கலாம்ங்கிற வசதிக்காக நானே ஒட்டி வச்சிருக்கேன். அதுல கை வச்சது வேற ஒருத்தி.

எதிர்க்கட்சி என்ன சொல்லும்னு தெரியும். பஃபரை காப்பி பண்ணினா, செக் வச்சா, வேகம் குறையும்பாங்க. பழைய வழியில ஃபர்ம்வேரைக் கூப்பிட்டா மெஷின்ல இருக்கற அத்தனை கோரும் வேலையை நிறுத்திட்டு அது முடியற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கும். அவ்வளவு பெரிய நிறுத்தத்துக்குப் பக்கத்துல 36 பைட் காப்பி எம்மாத்திரம்? கீபோர்டு லைட்டை ஒரு நாளைக்கு எத்தனை தடவை அய்யா போட்டு அணைப்பீங்க? நெட்வொர்க் டிரைவர்ல இந்த வாதம் பேசுங்க, உக்காந்து கேக்கறேன்.

இன்னொரு கோஷ்டி, "எல்லாத்தையும் ரஸ்ட்ல எழுது, தீர்ந்துச்சு"ம்பாங்க. 2022-ல 6.1 கெர்னல்லயே ரஸ்ட் உள்ளே வந்தாச்சு, எனக்கும் சந்தோஷம்தான். ஆனா எங்க கம்பெனில இருக்கற சி வரிகளை ரஸ்டுக்கு மாத்தி முடிக்கறதுக்குள்ள எனக்கு சஷ்டியப்த பூர்த்தி ஆயிடும். அதுவரைக்கும் இந்தப் பொண்ணுங்க பசங்க எல்லாம் திட்டு வாங்கிக்கிட்டே இருக்கணுமா? சி-யிலயே வழி இருக்கு. 2023-ல 6.5 கெர்னல்ல, வேரியபிள் ஃபங்ஷனை விட்டு வெளியேறும்போதே மெமரியும் பூட்டும் தானா விடுபடற ஏற்பாடு வந்துடுச்சு. லேப்டாப் டிரைவர்ல ஏ.சி.பி.ஐ. குடுக்கற பஃபரை ஃப்ரீ பண்ண மறக்கறதுங்கிறது ஒரு பரம்பரை வியாதி. அதுக்கு மருந்தே இதுதான்.

'கவனம்' எவ்வளவு நாள் வேலை செஞ்சுச்சுன்னு கேட்டா அதுக்கும் சரித்திரம் இருக்கு. 1988-ல மோரிஸ் வார்ம் இன்டர்நெட்டையே படுக்க வச்சப்ப, அது நுழைஞ்ச ஓட்டைகள்ல ஒண்ணு 'கெட்ஸ்'ங்கிற ஃபங்ஷன். பஃபர் எவ்வளவு பெருசுன்னு கேக்கவே கேக்காத ஃபங்ஷன். அதை சி ஸ்டாண்டர்ட்லேருந்து தூக்கினது 2011-ல. நடுவுல 23 வருஷம். அத்தனை வருஷமும் 'கெட்ஸ் போடும்போது கவனமா இரு'ன்னு புத்தகம் புத்தகமா எழுதிக்கிட்டு இருந்தாங்க.

எங்க பக்கத்து டேனரி கழிவு பாலாத்தைக் கெடுத்த வழக்கு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்டது, 1996 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. எங்க மாவட்டம் உட்பட அஞ்சு மாவட்ட டேனரிகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம். அதைவிட முக்கியம் அதுல உறுதி பண்ணின கொள்கை: மாசு பண்ணினவன்தான் செலவை ஏத்துக்கணும். ஆத்தோரம் இருக்கறவன் காய்ச்சிக் குடிக்கலைன்னு அவனைத் திட்ட முடியாது. ஆறு இன்னும் முழுசா தேறலைங்கிறது வேற சோகம். ஆனா யார் தலையில செலவைக் கட்டறதுங்கிற கேள்விக்கு அன்னைக்கே பதில் எழுதியாச்சு. மோசமான ஃபங்ஷனை எழுதினது நான். அதைக் கூப்பிடற நாப்பத்தி ஒரு இடத்துலயும் நாப்பத்தி ஒரு தடவை கவனமா இருக்கற செலவை மத்தவங்க தலையில கட்டினதும் நான்.

அதனால திங்கக்கிழமை உக்காந்து அதை மாத்தினேன். இப்ப அது நீளமே கேக்காது. குடுக்கற வேரியபிளோட அளவை கம்பைலரே எடுத்துக்கற மாதிரி ஒரு மேக்ரோ. வெறும் பாயிண்டரைக் குடுத்தா கம்பைலே ஆகாது. உள்ளே போறதுக்கும் வெளியே வர்றதுக்கும் தனித்தனி வகை, மாத்திக் குடுக்க முடியாது. ஃபர்ம்வேர் அதிகமா அனுப்பினா எரர் வரும், கொட்டாது. பூட்டு உள்ளேயே இருக்கு, வெளியில யாருக்கும் அது இருக்கறதே தெரிய வேண்டியதில்லை. ரெண்டரை நாள் ஆச்சு. அதுல ரெண்டு நாள் அந்த நாப்பத்தி ஒரு இடத்தை மாத்தினதுக்கே போச்சு.

மாத்தும்போது கம்பைலர் மூணு இடத்துல கத்துச்சு. மூணுலயும் அளவு தப்பு, இத்தனை நாளும் அதிர்ஷ்டத்துல ஓடிக்கிட்டு இருந்திருக்கு. ஒண்ணு நான் எழுதினது. ஒண்ணு எழுதினவர் வேலையை விட்டே போயிட்டார். மூணாவதுக்கு கிட் பிளேம் போட்டுப் பாத்தேன்... மீட்டிங்ல "பாத்து எழுதணும்மா"ன்னு ஒரு குரல் கேட்டுச்சே, அவர்தான்.

அந்த மீட்டிங் குறிப்புல மூல காரணம்னு போட்டிருக்கற கட்டத்துல இன்னும் அந்தப் பொண்ணு பேர்தான் இருக்கு. ஃபங்ஷன் என்னுது, என் பேரைப் போடுங்கன்னு புதன்கிழமை எல்லாருக்கும் மெயில் அனுப்பிட்டேன். பொண்ணுகிட்டயும் போய் சொன்னேன். "பரவால்லண்ணா"ன்னு சொல்லிட்டு மானிட்டரைப் பாத்துக்கிச்சு. மெயிலுக்கு இன்னும் யாரும் பதில் போடலை.